சம்பளக்காரர் யாரும் இல்லை

எங்கள் சங்கத்தில் எல்லோரும் முதலாளிகள். முப்பது சொச்சம் வாடகைக் கார்கள், முப்பது சொச்சம் முதலாளிகள். அத்தனை முதலாளிகளுக்கும் சேர்த்து வேலை செய்ய ஒருத்திதான் உண்டு. அது நான்.

டயர்க் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அலுவலகம். கீழே காற்றுப் பம்பை ஓடவிட்டால் மேலே என் நாற்காலி நடுங்கும். ஒரு கணினி, ஒரு போன், காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்செட். திரையில் ஊரின் வரைபடமும் அதில் ஊர்ந்துகொண்டிருக்கும் பச்சைப் புள்ளிகளும் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முதலாளி. இளவட்டங்கள் செயலியில் வண்டி கேட்பார்கள், செயலி பிடிபடாதவர்கள் போனில் கூப்பிடுவார்கள். நான் முறைப்படி அடுத்த முதலாளியை அழைத்து, எந்த வாசல், எந்த மாடி, பெட்டி எத்தனை, சக்கர நாற்காலி உண்டா என்றெல்லாம் சொல்லி அனுப்பவேண்டும். சொன்னதும் போய்விடுவார்களா? ஒரு முதலாளிக்குக் குட்டைச் சவாரி என்றால் முதுகு வலிக்கும். இன்னொருவர் ரயில் நிலையத்தின் பின்வாசலுக்குப் போகமாட்டார். ஒருவருக்கு நாய் ஆகாது, இன்னொருவருக்குக் குழந்தை ஆகாது. எல்லோரையும் தாஜா பண்ணி, கொஞ்சம் மிரட்டி, பயணியிடம் "இதோ தெருமுனைக்கு வந்துட்டாங்க" என்று ஒரு பொய்யும் சொல்லி அன்றைய பொழுதை ஓட்டுவேன்.

சங்கத்தின் தலைவர் என் வீட்டுக்காரர்.

அவர் தலைவரான கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அதற்கு முன் பல வருஷம் ஒரு பெரிய கம்பெனியின் செயலியில் ஓட்டிக்கொண்டிருந்தார். பயணி கொடுப்பது ஒன்று, இவர் கைக்கு வருவது ஒன்று, நடுவில் போவது எவ்வளவு என்று கேட்டால் அது செயலியின் கணக்கு என்பார்கள். முதலில் பத்தில் இரண்டு பங்கு எடுத்தார்கள். பிறகு மூன்று. பிறகு எத்தனை என்று சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் யாரோ ஒரு பயணி ஏதோ புகார் எழுத, இவருடைய கணக்கைப் பூட்டிவிட்டார்கள். என்ன புகார் என்று கேட்க கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு காவலாளியும் தொட்டியில் ஒரு செடியும் மட்டும் இருந்தார்கள். செயலியில் முறையிடுங்கள் என்றார் காவலாளி. செயலியைத்தான் பூட்டியாயிற்றே என்றார் இவர். காவலாளி செடியைப் பார்த்தாராம்.

அன்று மதியம் விமான நிலையத்து வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு சிமெண்டு மேட்டில் ஏறி நின்று பேசினார். வீட்டில் நாலு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பேசுகிற மனிதர். "உழைக்கிறவனுக்கு என்ன கூலின்னு உழைக்கிறவனைக் கேக்காம முடிவு பண்ண இவங்க யாரு? நம்ம வண்டி, நம்ம பெட்ரோல், நம்ம தூக்கம். முதலாளி மட்டும் எவனோ ஒருத்தன். ஏன், நாமே முதலாளியா இருந்தா ஆகாதா?" சாப்பாட்டுப் பையோடு போயிருந்த நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். கண்ணில் நீர் வந்தது. இவ்வளவு நல்ல பேச்சை இத்தனை வருஷம் எங்கே பதுக்கி வைத்திருந்தார் என்று ஆச்சரியமாக இருந்தது.

இப்படித்தான் சங்கம் பிறந்தது. விதிகளை எழுதியது சட்டம். அது உறுப்பினர் ஒருவரின் பட்டப்பெயர். சட்டக் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு ஸ்டியரிங் பிடித்தவர். விட்டது கல்லூரியைத்தான், சட்டத்தை அல்ல. சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட அது எந்தப் பிரிவின்படி சிவப்பு என்று யோசிப்பார். அவர் எழுதிய விதிகளில் மூன்று முக்கியமானவை. ஒன்று, யாரையும் விசாரிக்காமல் நீக்கக்கூடாது. இரண்டு, தன் பெயரில் வண்டி உள்ளவரே உறுப்பினர், அவருக்கு ஒரு ஓட்டு. இருபது வண்டி வாங்கி வாடகைக்கு விடுகிற பணக்காரர் யாரும் தன் டிரைவர்களைப் பினாமியாக உள்ளே அனுப்பிவிடக்கூடாது என்பதற்காகத் 'தன் பெயரில்' என்ற வார்த்தையை அவர் சண்டை போட்டுச் சேர்த்தார். மூன்றாவது விதியைப் படிக்கும்போது அவருடைய குரலே தழுதழுத்தது. 'இச்சங்கத்தில் சம்பளக்காரர் யாரும் இல்லை. அனைவரும் முதலாளிகளே.'

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும்தான்.

பிறகு போனை யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது. முப்பது சொச்சம் முதலாளிகளும் வண்டி ஓட்டவேண்டுமே. "ஒரு வாரத்துக்கு மட்டும் நீ எடு, அதுக்குள்ள ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நான் அப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. நடுவில் மழைக்காலமே இரண்டு வந்துபோயிற்று.

சங்கம் நன்றாகத்தான் நடக்கிறது, அதில் பொய் சொல்லமாட்டேன். அலுவலகச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு போக மீதி ஓட்டுகிறவர் கைக்கே வருகிறது. வருஷக் கடைசியில் மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறார்கள். எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் தந்தார்கள். 'அன்புடன், அனைத்து முதலாளிகள்' என்று அதன் கண்ணாடியில் எழுதியிருக்கிறது. நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று எல்லோருக்கும் தெரியும்படி அலுவலகத்திலேயே மாட்டிவிட்டார்கள்.

திரையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் மங்கத் தொடங்கியது. மூக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று வீட்டுக்காரரிடம் பணம் கேட்டேன். "போன வருஷம்தானே மாத்துன?" என்றார். கணக்குக் கேட்கிற எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம், சும்மாதான் கேட்டார். ஆனால் மருந்துக் கடையில் இருந்த காலத்தில் நான் கண்ணாடி மாற்றியது அவருக்குத் தெரியக்கூடச் செய்யாது. அந்தச் சும்மாதான் என்னைச் சுட்டது.

அதே வாரம் மருந்துக் கடை அம்மா போன் செய்தார். பழைய இடம் காலியாகிறதாம். "சம்பளம் முன்னைக்கு இப்ப கூட. ரெண்டு வாரத்துல சொல்லிடுங்க" என்றார். வருகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். ஆனால் எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. திடீரென்று மழை கொட்டி ஊர் முழுக்க வண்டி கேட்கிற நேரத்தில் பச்சைப் புள்ளிகளைப் பிரித்துப் பிரித்து அனுப்பி, ஒருவரையும் நனையவிடாமல் வீடு சேர்த்தால், மனசுக்குள் ஒரு திமிர் வரும். பில் போடுவதில் அந்தத் திமிர் கிடையாது. இங்கேயே இருக்கவேண்டும், அதற்குக் கூலியும் வேண்டும். கூலி இல்லையென்றால் மருந்துக் கடை. இவ்வளவுதான் என் கோரிக்கை. ஒரு தாளில் எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். வீட்டில் கொடுத்தால் மரியாதையாக இருக்காதென்று அலுவலகத்தில் வைத்துக் கொடுத்தேன். "பொதுக்குழுவுல வைப்போம்" என்றார், தலைவருக்கே உரிய குரலில்.

பொதுக்குழு டயர்க் கடையின் பின்பக்கக் கிடங்கில் கூடியது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் டயர் அடுக்குகள்மேல் உட்கார்ந்தார்கள். கூட்டத்துக்காகச் சவாரியை நிறுத்தமுடியுமா? வெளியே சிலர் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே நான் போனைக் கையோடு கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்தேன். என் கோரிக்கை நியாயமா என்று அவர்கள் பேசப் பேச, நான் இந்தப் பக்கம் "ஆமாங்க, வெள்ளை வண்டி, இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சட்டம் எழுந்தார். "இதுல ஒரு சிக்கல் இருக்கு. சம்பளக்காரர் யாரும் இல்லைன்னு மூணாவது விதி சொல்லுது. அப்ப அக்கா சம்பளம் கேட்டா, சங்கத்துல இல்லாத ஒருத்தர் கேக்குற மாதிரி ஆகுது."

"இல்லாத ஒருத்தியா இப்ப போன் எடுத்தா?" என்று கேட்டேன்.

"விதிப்படி இல்லைன்னு சொன்னேங்கா. நேர்ல இருக்கீங்க, அதை நான் மறுக்கல."

சங்கத்தில் எல்லோருக்கும் மூத்தவர் மீட்டர். செயலி எல்லாம் வருவதற்கு முன்பே மீட்டர் வைத்த வாடகைக் கார் ஓட்டியவர் என்பதால் அந்தப் பெயர். "விதியை மாத்திட்டுப் போகலாமே, கல்லுல வெட்டுனதா?" என்றார் அவர்.

அடுத்து எழுந்தவன் என் கூடப்பிறந்த தம்பி. அவனுக்குச் சங்கத்தில் கேன்சல் என்று பெயர். ஒப்புக்கொண்ட சவாரியில் பாதியை ரத்து செய்வதால் வந்த பெயர். எழுந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். "இவங்க என் அக்கா. சின்ன வயசுல எனக்குச் சோறு ஊட்டுனவங்க. அந்தக் கைக்கு நான் கூலி குடுக்கறதா? அந்த அளவுக்கு நான் தரம் கெட்டுப் போகல!" கிடங்கே நெகிழ்ந்துபோனது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சோறு ஊட்டியபோது இரண்டு விரலைக் கடித்தவன், இப்போது கையையே கடிக்கிறான் என்று எனக்குப் பட்டது.

கை தூக்கச் சொன்னார்கள். நான் நினைத்ததைவிட அதிகக் கைகள் எழுந்தன. மீட்டர் இரண்டு கையையும் தூக்கினார். சட்டம் எண்ணினார், மறுபடி எண்ணினார். இரண்டு பக்கமும் சமம். மிச்சம் இருந்தது தலைவர் ஓட்டு ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அந்தச் சிமெண்டு மேட்டில் நின்ற அதே நிற்பு. "உழைக்கிற எல்லாருக்கும் கூலி வேணும். இதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது" என்று ஆரம்பித்தார். நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். "ஆனா கேக்கறது என் சம்சாரம். நான் கை தூக்குனா, தலைவர் தன் வீட்டுக்கே சம்பளம் போட்டுக்கிட்டாருன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். சங்கத்துல கறை படியக்கூடாது. அதனால நான் நடுநிலை."

சமம் என்றால் தீர்மானம் தோற்றது என்று சட்டம் விதியைப் படித்தார். அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. என்ன நேர்மை, என்ன நேர்மை என்று ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு ஓட்டுப் போட்டவர்களும்கூடக் குலுக்கினார்கள். மடியில் போன் அடித்தது. எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு போட்டேன். தட்டு கொஞ்சம் சத்தமாகவே தரையில் இறங்கியது.

"நேர்மைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்றார்.

"வலிச்சது யாருக்கு?"

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று சும்மாவா சொன்னார்கள்? கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, சமாதானமாக ஒன்று சொன்னார். "உனக்குன்னு ஒரு வண்டி இருந்திருந்தா பிரச்சினையே இல்ல. நீயும் மெம்பராகி, பங்கு வாங்கியிருக்கலாம். வண்டி இல்லாமப் போச்சு, என்ன பண்றது?"

"கீழ நிக்கற வண்டி யாரோடது?"

"நம்மளோடது."

"நம்மளோடதுன்னா யார் பேர்ல?"

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. பெண்கள் பெயரில் வண்டி வாங்கினால் கடனுக்கு வட்டி குறைவு என்று பாங்கில் சொன்னபோது, கையெழுத்துப் போட என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் இவர்தான். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. சங்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அப்படித்தான் வாங்கியிருந்தார்கள். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி அலுவலகத்துக்கு வருகிற போன் எல்லாம் பெண்கள் பெயரைச் சொல்லித்தான் வரும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததாலேயே யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சட்டம் அலுவலகத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டேன். "தம்பி, அந்த ரெண்டாவது விதி. தன் பேர்ல வண்டி இருக்கறவங்கதான் மெம்பர். சரிதானே?"

"அதுதாங்கா நம்ம சங்கத்துக்கே அஸ்திவாரம்."

"உங்க வண்டி யார் பேர்ல?"

டம்ளரோடு அப்படியே நின்றார். முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சந்தோஷம் வந்தது. தான் எழுதிய விதிக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. "அப்ப நேத்து நடந்த கூட்டமே செல்லாது" என்றார் மெல்ல. "தலைவர் தலைவரே இல்ல. நானும் நான் இல்ல. அக்கா, இது பிரமாதமான பாயிண்ட்!" சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டு அதை ரசித்தவரை அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் மாலைக்குள் எல்லாப் பச்சைப் புள்ளிகளுக்கும் போய்விட்டது. தன் பெயரிலேயே ரொக்கம் கொடுத்து வண்டி வாங்கியவர் மீட்டர் ஒருவர்தான். கல்யாணமாகாத பையன்கள்கூட அம்மா பெயரில் வாங்கியிருந்தார்கள். கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் சட்டமே வழி கண்டுபிடித்தார். வீட்டுப் பெண்கள் ஒருதடவை கூட்டத்துக்கு வந்து, 'என் உரிமைகளை எல்லாம் என் வண்டியை ஓட்டுகிறவருக்கே விட்டுக்கொடுக்கிறேன்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். "கால் மணி நேர வேலை, போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லித்தான் எல்லோரும் மனைவிமாரையும் அம்மாக்களையும் கூட்டி வந்தார்கள்.

விதிப்படி உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே உட்காரக்கூடாது. ஆகவே ஆண்கள் எல்லோரும் வெளியே ஜன்னல் ஓரம் நின்றார்கள். உள்ளே பெண்களும், மூலையில் ஒரு டயர் அடுக்கின்மேல் கூச்சத்தோடு மீட்டரும் நானும் போனும். தாள்களை நீட்டினேன். யாரும் உடனே வாங்கவில்லை. சட்டத்தின் மனைவி தையல் கடை வைத்திருப்பவர், எதையும் மடிப்பு விரித்துப் பார்க்காமல் விடமாட்டார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். விட்டுக்குடுக்கறோம்னு இருக்கே, எதை விட்டுக்குடுக்கறோம்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஓட்டு, வருஷக் கடைசிப் பங்கு, கணக்கைக் கேட்கிற உரிமை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"வருஷக் கடைசிப் பங்கா?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒருவர் அடுத்ததாகக் கேட்டார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. சாதாரணமா கடைசிச் சவாரி எத்தனை மணிக்கு முடியும்?" திரையில் இருப்பதைத்தானே சொல்லமுடியும்? சொன்னேன். வீட்டுக்காரர் வந்து சேர்கிற நேரத்திலிருந்து அதைக் கழித்து ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். ஜன்னல் ஓரம் நின்றவர்களில் பாதிப் பேர் வண்டியில் எதையோ மறந்துவைத்தவர்கள்போல நழுவினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அதுதான். தாள்களை எல்லாம் மடித்து அவரவர் கைப்பையில் வைத்துக்கொண்டார்கள். ஒன்றில்கூடக் கையெழுத்து விழவில்லை.

எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இதுதான் சமயம் என்று என் கோரிக்கையை எடுத்து வைத்தேன். நான் பார்க்கிற வேலையைச் சொன்னேன். மருந்துக் கடை அம்மாவுக்கு நாளை பதில் சொல்லவேண்டும் என்பதையும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இவர்களுக்கு விளக்கவே வேண்டாம், சம்பளமில்லாத வேலை என்றால் என்ன என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள் என்று நினைத்தேன்.

தம்பி மனைவி எழுந்தாள். ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், கெட்டிக்காரி. "அண்ணி, உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா கணக்குன்னு வந்தா சரியா இருக்கணும். அன்னைக்கு நீங்க மெம்பர் இல்ல, சம்பளம் கேட்டீங்க, அது நியாயம். இன்னைக்கு உங்க பேர்ல வண்டி இருக்கு, நீங்களும் முதலாளி. முதலாளிக்கு எதுக்குச் சம்பளம்? வருஷக் கடைசியில பங்கு வருதே!"

"எல்லாருக்கும்தான் பங்கு வருது. நான் மட்டும்தானே இங்க உக்காந்து வேலை பார்க்கறேன்?"

"நம்ம சங்கம்தானே அண்ணி. நம்ம வீட்டு வேலைக்கு நாமே கூலி கேப்போமா?"

பலருக்கு அது சரியென்று பட்டது. முகத்தில் தெரிந்தது. "அதானே" என்றது ஒரு குரல். முதலாளியாக இல்லாததால் கூலி இல்லை என்றார்கள் அவர்கள். முதலாளியாகிவிட்டதால் கூலி இல்லை என்கிறார்கள் இவர்கள். கிடங்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது. அழுதால் தோற்றுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது.

எடுக்கப் போன கையை நிறுத்தினேன். போனை நடுவில் இருந்த டயர் அடுக்கின்மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அண்ணி, போன்" என்றாள் தம்பி மனைவி.

"அடிக்குது, கேக்குது. முதலாளிகள் யாராவது எடுங்க. எல்லாரும் முதலாளிதானே."

முப்பது சொச்சம் பேரும் போனைப் பார்த்தார்கள். மீட்டர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். யாரோ ஒருவர் எழுந்து, எடுத்து என்ன சொல்வது என்று யோசித்து, மறுபடி உட்கார்ந்தார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. கூப்பிடுகிறவருக்கு வண்டி அவசியம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஜன்னல் பக்கம் சலசலப்புக் கேட்டுத் திரும்பினேன். கம்பிக்கு வெளியே ஒரு கை உயர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் கை.

பக்கத்தில் நின்ற சட்டம் பதறினார். "தலைவரே, கையை இறக்குங்க. உங்களுக்கு ஓட்டு கிடையாது."

"தெரியும்" என்றார். இறக்கவில்லை.

"விதிப்படி அது எண்ணிக்கையிலயே வராதுங்க."

"வரவேணாம். தூக்கக்கூடாதுன்னு விதி இருக்கா?"

சட்டம் யோசித்துப் பார்த்தார். இல்லை போலிருக்கிறது.

தையல்காரம்மா முதலில் தூக்கினார். நர்ஸ் தூக்கினார். மீட்டர் இந்தத் தடவை ஒரு கையோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்து கிடங்கு நிறையக் கை. தம்பி மனைவி சுற்றிலும் பார்த்தாள், மனசுக்குள் எண்ணி முடித்தாள், தானும் தூக்கினாள். "மெஜாரிட்டி வந்துடுச்சு அண்ணி, எடுங்க போனை, கட் ஆயிடப்போகுது!"

எடுத்தேன். தபால் நிலையத்து வாசலில் ஒரு பெரியவர், கூடவே கனமான ஒரு மூட்டை, போகவேண்டியதோ இரண்டு தெரு தள்ளி. குட்டைச் சவாரியிலும் குட்டை. முறைப்படி அடுத்தது கேன்சல். ஜன்னல் வழியாகத் தம்பியைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னேன். "அக்கா, முதுகு..." என்று ஆரம்பித்தான். அவன் வண்டியின் முதலாளி எனக்குப் பக்கத்தில் நின்று அவனைப் பார்த்தாள். போய்விட்டான்.

மருந்துக் கடை அம்மாவிடம் வரவில்லை என்று அன்றே சொல்லிவிட்டேன். மாலையில் வீட்டுக்காரரோடு வண்டியில் வீடு திரும்பினேன். முன் இருக்கையில் உட்கார்ந்து வெகுநாளாயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் அந்தக் கோபம் அப்படியே கிடந்தது. ஓட்டு இருந்தபோது அசையாத கை, ஓட்டு போன பிறகு எழுந்து என்ன பயன்? நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று சந்திப்பு வரைக்கும் எனக்கு முடிவாகவில்லை. சிவப்பு விளக்கில் நின்றோம்.

"இந்தக் கையை அன்னைக்கே தூக்கியிருந்தா என்னங்க?" என்றேன்.

சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது.

"அன்னைக்கு நான் தலைவரா இருந்தேனே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.